அப்பாவின் வாக்காளர் அட்டைகள்: ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதிக்கு என்ன நடந்தது?

நீல்சன்வீதி மகள்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பாவுக்கு எண்பது வயது நிறைகிறது. படங்களும் பழைய கடதாசிகளும் சேர்த்து ஒரு தொகுப்பு செய்து கொடுப்போம் என்று பெட்டிகளைக் கிளறினேன். ஒரு பிஸ்கட் பேணிக்குள் அவருடைய வாக்காளர் தகவல் அட்டைகள் எல்லாம் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கிடந்தன. 1997இல் முதல் தடவை வாக்களித்ததிலிருந்து ஒன்றைக்கூட எறியவில்லை. சிலவற்றின் பின்பக்கம் நீல மையில் "போட்டாச்சு" என்று எழுதி, நேரமும் குறித்திருக்கிறார்.

எனக்கு விளங்காதது இதுதான். நாங்கள் 1991இலிருந்து ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில், மல்வேர்னில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் அட்டைகளில் தொகுதியின் பெயர் மாறிக்கொண்டே போகிறது. 1997 முதல் 2011 வரை ஸ்காபரோ–ரூஜ் ரிவர். 2015இல் ஸ்காபரோ–ரூஜ் பார்க். 2025இல் ஸ்காபரோ நோர்த். போதாததற்கு 2016 என்று போட்ட ஒரு அட்டையில் மறுபடியும் ரூஜ் ரிவர் என்று இருக்கிறது. 2015இல் போன பெயர் அடுத்த வருடம் எப்படித் திரும்பி வந்தது?

அட்டைகளுக்குக் கீழே இரண்டு வரி விளக்கம் எழுத வேண்டும். பிழையாக எழுதினால் அப்பா கண்டுபிடித்துவிடுவார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபட ரசிகன்

தங்கச்சி, முதலில் அந்தப் பேணியைப் பத்திரமாக வையுங்கள். ஒரே வீட்டுக்கு வந்த முப்பது வருட அட்டைகள் என்பது லேசில் கிடைக்காத சாமான்.

2016 அட்டையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், முதலில் இருந்தே வருவோம். ஸ்காபரோ–ரூஜ் ரிவர் என்ற மத்திய தொகுதி 1987ஆம் ஆண்டு எல்லை மறுசீரமைப்பில் உருவாகி, 1988 தேர்தலில் முதல் தடவை வாக்கெடுப்புக்கு வந்தது. அதற்கு முன் இந்தப் பக்கம் யோர்க்–ஸ்காபரோ என்ற பெரிய தொகுதியில் இருந்தது. ஐம்பதுகளில் அந்தத் தொகுதியை வரைந்தபோது இங்கே பெரும்பாலும் தோட்டமும் வயலும்தான். ஆனால் போருக்குப் பிறகு ஸ்காபரோ வளர்ந்த வேகத்துக்கு எந்தக் கோடும் ஈடுகொடுக்கவில்லை. யோர்க்–ஸ்காபரோ நாட்டிலேயே சனம் மிக அதிகமான தொகுதிகளில் ஒன்றாக வீங்கிவிட்டது. ஸ்காபரோ மேயராக இருந்த போல் கொஸ்க்ரோவ் 1980இல் அங்கே வென்று நாடாளுமன்றம் போனவர். 1984இல் கன்சர்வேடிவ் கட்சியின் போல் மக்றோசன் அதைப் பிடித்தார். அடுத்த தேர்தலுக்கு முன் அந்தத் தொகுதியே இல்லாமல் போனது.

அப்போது வந்த புதிய தொகுதிகளில் ஒன்றுதான் நம்முடையது. பெயர் ரூஜ் நதியிலிருந்து வந்தது. கடைசிக் காலத்தில் எல்லை கிட்டத்தட்ட இப்படி இருந்தது: வடக்கே ஸ்டீல்ஸ், தெற்கே 401 நெடுஞ்சாலை, மேற்கே மிட்லண்ட் வீதி, கிழக்கே பக்கத்து நகரமான பிக்கரிங்கின் எல்லை. மல்வேர்ன், மோர்னிங்சைட் ஹைட்ஸ், அஜின்கோர்ட்டின் வடபக்கம், மில்லிகன் எல்லாம் அதற்குள் வரும்.

1988இல் லிபரல் கட்சியின் டெரிக் லீ வென்றார். அதிலிருந்து 2008 வரை ஏழு தேர்தல், ஏழிலும் அவர்தான். உங்கள் அப்பாவின் முதல் ஐந்து மத்திய அட்டைகளும் அவர் காலத்தவை.

கதிர்77

நான் வெளிப்படையாகக் கேட்கிறேன். 2011இல் ராதிகா சிற்சபைஈசன் அந்தத் தொகுதியில் வென்றார். கனடிய நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர். அடுத்த தேர்தலுக்குள் தொகுதியே இல்லை. மல்வேர்னை நடுவால் பிளந்தார்கள். இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு சமூகம் ஒரு இடத்தில் திரண்டு நின்று ஒரு ஆளை அனுப்பியதும் அந்த இடத்தையே உடைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இன்றைக்கும் அது மனதுக்குள் கிடக்கிறது.

மோர்னிங்சைட் மாமி

கதிர் தம்பி, உங்களுடைய கோபம் எனக்கு விளங்குகிறது. 2011இல் நான் கதவு கதவாகத் தட்டினவள். ஏப்ரல் மாதம், குளிர் போகவில்லை. அடுக்குமாடிக் கட்டடங்களில் கீழே நின்று பொத்தானை அழுத்தி "தம்பி, கதவைத் திறவுங்கோ, தேர்தல் விஷயமாக வந்திருக்கிறோம்" என்று கெஞ்சுவோம். மேலே போனால் ஒரு மாடியில் தமிழ், அடுத்த கதவில் பஞ்சாபி, அதற்கடுத்ததில் கண்டனீஸ், எதிர்க்கதவில் ஜமேக்கா அம்மா ஒருவர். எங்களோடு வந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வாக்களிக்கும் வயதே ஆகவில்லை.

2009இல் வன்னியில் நடந்ததும், நாங்கள் கார்டினர் நெடுஞ்சாலையில் இறங்கி நின்றதும் எல்லாருடைய நெஞ்சிலும் அப்படியே இருந்த காலம் அது. தெருவில் நின்று கத்தினோம், இனி உள்ளே இருந்து கதைக்க ஒரு ஆள் வேண்டும் என்ற நினைப்பு எங்கள் வீடுகளில் இருந்தது. டெரிக் லீயும் அந்த முறை போட்டியிடவில்லை, இடம் திறந்து கிடந்தது.

மே 2 இரவு முடிவு வந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு அண்ணை நிலத்தில் இருந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதன் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். அதனால்தான் அந்தத் தொகுதியின் பெயர் இல்லாமல் போனபோது எனக்கும் ஏதோ பறிபோன மாதிரி இருந்தது.

வரைபட ரசிகன்

அக்கா எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் தட்டச்சு செய்ய முடியவில்லை.

கதிர், உங்களுடைய சந்தேகத்தை நான் லேசாக எடுக்கவில்லை. எல்லைக்கோட்டால் ஒரு சமூகத்தின் பலத்தைக் கரைத்த கதைகள் உலகத்தில் நிறைய உண்டு. ஆனால் இந்த இடத்தில் கணக்கு வேறு விதமாக இருக்கிறது.

கனடாவில் பத்து வருடத்துக்கு ஒரு தடவை, குடிசன மதிப்பீடு முடிந்ததும் மாகாணத்துக்கு ஒரு ஆணைக்குழு அமைகிறது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் இது. அதற்கு முன் நாடாளுமன்றத்தில் இருந்த கட்சிகளே கோடு கீறின, ஆளும் கட்சிக்கு வசதியாகக் கீறின. இப்போது மூன்று பேர்: மாகாணத் தலைமை நீதியரசர் நியமிக்கும் ஒரு நீதிபதி தலைவர், மற்ற இருவரையும் சபாநாயகர் நியமிக்கிறார். 2012இல் ஒன்ராறியோ ஆணைக்குழுவுக்கு நீதிபதி ஜோர்ஜ் வாலின் தலைவர்.

அவர்கள் எடுத்த அடிப்படை எண் இப்படி வருகிறது. 2011இல் ஒன்ராறியோ சனத்தொகை சுமார் 1 கோடி 28 இலட்சம். மாகாணத்துக்கு 106 ஆக இருந்த ஆசனங்கள் 121 ஆகின. வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 1 இலட்சத்து 6 ஆயிரம் பேர். ரூஜ் ரிவர் தொகுதியிலோ 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். மோர்னிங்சைட் ஹைட்ஸ் பக்கம் புது வீடுகள் எழுந்து சனம் கூடிக்கொண்டே போனது. சட்டப்படி சராசரியிலிருந்து 25 விழுக்காடு வரை விலகலாம், ஆனால் அந்த விளிம்பில் உட்கார்ந்திருக்கும் தொகுதியை எந்த ஆணைக்குழுவும் அப்படியே விடாது.

ஒன்றைக் கவனியுங்கள், ஸ்காபரோவுக்கு அந்த முறை இடம் கூடியது. அதற்கு முன் முழுதாக ஸ்காபரோவுக்குள் இருந்தவை ஐந்து தொகுதிகள், ஆறாவது பிக்கரிங்கோடு பாதிப் பாதி. ஆணைக்குழுவின் கோடுகளை உறுதிசெய்த 2013 ஆணைக்குப் பிறகு ஆறும் முழுதாக ஸ்காபரோவுக்குள் வந்தன. சனத்தொகைக் கணக்கில் நாம் கேட்க வேண்டியதைத்தான் அவர்கள் தந்தார்கள்.

பிக்கரிங்வாசி

அந்தப் பாதிப் பாதித் தொகுதியில் இருந்தவன் நான். பிக்கரிங்–ஸ்காபரோ ஈஸ்ட், 2004இலிருந்து 2015 வரை. ரூஜ் நதிக்கு இந்தப் பக்கம் ரொறன்ரோ மாநகரம், அந்தப் பக்கம் டூரம் பிராந்தியம். பொலிஸ் வேறு, பேருந்து வேறு, மாநகரசபை வேறு, பாடசாலைச் சபை வேறு. உறுப்பினர் மட்டும் ஒருவர். ஒரு கூட்டத்தில் ரொறன்ரோ ஆக்கள் சுரங்கரயில் பற்றிக் கேட்க, எங்கள் பக்கத்து ஆக்கள் என்ன கதை இது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நதியைத் தாண்டின அந்தக் கோட்டை 2013இல் எடுத்தது நல்ல வேலை. அதை எடுத்ததால்தான் ரூஜ் பார்க் என்ற தொகுதியும் பிறந்தது, ஸ்காபரோவின் கிழக்கு ஓரம் எங்காவது சேர வேண்டும் அல்லவா.

வரைபட ரசிகன்

சரியாகச் சொன்னீர்கள். ரூஜ் ரிவர் தொகுதியின் மேற்குப் பக்கம் ஸ்காபரோ–அஜின்கோர்ட்டின் ஒரு துண்டோடு சேர்ந்து ஸ்காபரோ நோர்த் ஆனது. கிழக்குப் பக்கம் 401ஐத் தாண்டித் தெற்கே போய் ஹைலண்ட் கிறீக், போர்ட் யூனியன், வெஸ்ட் ரூஜ் என்று ஏரிக்கரை வரைக்கும் நீண்டு ஸ்காபரோ–ரூஜ் பார்க் ஆனது. நடுவில் அகப்பட்டது மல்வேர்ன். கதிர் சொன்ன பிளவு உண்மையே, அதை நான் மறுக்கவில்லை. பாதி நோர்த்தில், பாதி ரூஜ் பார்க்கில். நீல்சன்வீதி மகள், உங்கள் வீடு கிழக்குப் பாதிக்குள் விழுந்திருக்கிறது.

என்னைக் கேட்டால் அந்த ஆணைக்குழு செய்த பெரிய பிழை அதுதான். மல்வேர்ன் எழுபதுகளில் ஒரே திட்டமாகக் கட்டப்பட்ட ஊர். மத்திய அரசு வயல்களை வாங்கி, வீட்டுத்தொகுதி திட்டமாகப் போட்டது. நடுவில் கடைத்தொகுதி, நூலகம், சமூக நிலையம், சுற்றிவர வளைந்த தெருக்கள். அந்த ஊருக்கு நடுவே கோடு கீற எந்த மலையும் ஆறும் இல்லை. எண்ணைச் சமப்படுத்த ஒரு தெருவைப் பிடித்தார்கள். சமூக நலன் ஒன்றாக உள்ள இடங்களைப் பிரிக்காமல் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, 1991இல் சஸ்காச்சுவான் மாகாணத் தொகுதி எல்லை வழக்கில் உச்ச நீதிமன்றமும் வெறும் எண் சமத்துவம் மட்டும் போதாது, பயனுள்ள பிரதிநிதித்துவம் வேண்டும் என்று தீர்ப்புக் கொடுத்தது. அந்த அளவுகோலை மல்வேர்னுக்குப் பிடித்துப் பார்த்தால் கோடு கோணல்தான்.

கதிர்77

அண்ணை, கணக்கு விளங்கியது. இடம் கூடியதை நான் யோசிக்கவில்லை. ஆனால் முடிவைப் பாருங்கள். 2015இல் ராதிகா அக்கா நோர்த்தில் நின்று மூன்றாவதாக வந்தார். லிபரல் கட்சியின் ஷோன் சென் வென்றார். கோடு அப்படியே இருந்திருந்தால்?

மோர்னிங்சைட் மாமி

அந்த வருடம் லிபரல் அலை, தம்பி. ராதிகாவின் கட்சியான என்டிபிக்கு, அதுதான் புதிய ஜனநாயகக் கட்சிக்கு, ரொறன்ரோவில் ஒரு இடமும் மிஞ்சவில்லை. பழைய கோடு இருந்தாலும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், நான் வாசலில் கேட்ட கதையை வைத்துச் சொல்கிறேன். அதே இரவு பக்கத்து ரூஜ் பார்க்கில் லிபரல் சார்பில் கரி ஆனந்தசங்கரி சுமார் 60 விழுக்காடு வாக்கோடு வென்றார். அங்கே என்டிபி நிறுத்தியதும் சாந்திகுமார் என்ற தமிழரைத்தான். அடுத்த வருடம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவிக்கும் பிரேரணை கரி கொண்டுவந்து, நாடாளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. ஒரு தொகுதி போய் இரண்டு வந்தபோது எங்கள் ஆக்கள் இரண்டிலும் இருந்தார்கள்.

நீல்சன்வீதி மகள்

எல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவும் பக்கத்தில் இருக்கிறார். என்ன பார்க்கிறாய் என்று கேட்டார், அலுவலக வேலை என்று சொன்னேன். 2016 அட்டை?

பழைய தேர்தல் ஊழியன்

அதை நான் சொல்கிறேன், அந்தக் காலத்தில் வாக்குச்சாவடிகளில் வேலை செய்தவன். அது மாகாணத் தேர்தல் அட்டை. நன்றாகப் பாருங்கள், வெளியிட்டது மத்திய தேர்தல் திணைக்களமாக இராது.

தொண்ணூறுகளின் நடுவில் மைக் ஹாரிஸ் அரசு ஒன்ராறியோ சட்டசபையை 130 உறுப்பினரிலிருந்து 103 ஆகக் குறைத்து, மத்திய தொகுதிகளின் எல்லையையே மாகாணத்துக்கும் எடுத்தது. அப்படி 1999இல் மாகாணத்திலும் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் வந்தது. முன்பு ஸ்காபரோ நோர்த் உறுப்பினராக இருந்த அல்வின் கேர்லிங் இங்கே வென்று, பிறகு சபாநாயகராகவும் இருந்தார். 2005இல் அவர் விலக, இடைத்தேர்தலில் பாஸ் பால்கிசூன்.

மத்திய எல்லை 2015இல் மாறியபோது மாகாணம் கூடவே மாறவில்லை. 2018 பொதுத்தேர்தலுக்குத்தான் மாறியது. அந்த மூன்று வருட இடைவெளிக்குள், 2016 மார்ச்சில் பால்கிசூன் பதவி விலகினார். செப்டம்பர் 1ஆம் திகதி பழைய எல்லைக்குள், பழைய பெயரில் இடைத்தேர்தல். உங்கள் அப்பாவின் அட்டை அதற்கு வந்தது.

வாக்குச்சாவடியில் அன்று எத்தனை பேர் "நாங்கள் ரூஜ் பார்க் அல்லவா?" என்று கேட்டார்கள் தெரியுமா? பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்துக்கு முன்னால் ஒரு ஐயா கால்மணி நேரம் நின்று, விரலால் தன் தெருவைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் வரிசைக்கு வந்தார்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன், கதிர் இதைக் கவனிக்க வேண்டும். லிபரலுக்கு பிரகல் திரு, என்டிபிக்கு நீதன் சண், இருவரும் தமிழர். இருவருக்கும் சேர்த்து 56 விழுக்காடு வாக்கு விழுந்தது. வென்றது பல வருடம் மாநகரசபையில் இருந்த ரேமண்ட் சோ, முற்போக்கு பழமைவாதக் கட்சி, சுமார் 39 விழுக்காடு. கோடு நமக்கு ஏற்ற கோடு, பழைய ரூஜ் ரிவர் கோடு. அப்படியிருந்தும் அப்படித்தான் முடிந்தது. எல்லாத் தமிழரும் ஒரு பெயரைப் பார்த்து வாக்களிக்கிற ஆக்கள் இல்லை, இருக்கவும் கூடாது என்பது என் எண்ணம்.

கதிர்77

இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணை. இரண்டையும் கூட்டிப் பார்த்தது கிடையாது.

வரைபட ரசிகன்

மாநகரசபைக் கதையையும் சேர்க்க வேண்டும், மகள் பேணிக்குள் அந்த அட்டைகளும் இருக்கும். 2000இலிருந்து ஒவ்வொரு மத்திய தொகுதியையும் இரண்டாகப் பிரித்து வட்டாரங்கள் செய்தார்கள், மொத்தம் 44. ரூஜ் ரிவருக்குள் 41ஆம், 42ஆம் வட்டாரங்கள். மல்வேர்ன் பக்கம் 42. சோ சட்டசபைக்குப் போனதால் வெறுமையான அந்த வட்டாரத்தில் 2017 பெப்ரவரி இடைத்தேர்தலில் நீதன் சண் வென்றார். அடுத்த வருடமே, பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போது, டக் ஃபோர்ட்டின் மாகாண அரசு மாநகரசபையை 25 வட்டாரமாகக் குறைத்தது. அந்த 25உம் புதிய மத்திய தொகுதி எல்லைகள். நீதன் 25ஆம் வட்டாரமான ரூஜ் பார்க்கில் நின்று, ஜெனிஃபர் மக்கெல்வியிடம் சுமார் 150 வாக்கில் தோற்றார். அந்தச் சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2021இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லும் என்று தீர்ப்பானது.

கதிர், யாராவது கோட்டைப் பற்றிக் கோபப்பட வேண்டுமென்றால் இந்த இடத்தில் படலாம். வேட்புமனு கொடுத்து, பதாகை அடித்து, கதவு தட்டத் தொடங்கிய பிறகு களத்தின் அளவையே மாற்றினார்கள். 2013 ஆணைக்கு முன் வரைவு போட்டு, பொது விசாரணை வைத்து, கருத்துக் கேட்டு, பிறகுதான் மாற்றினார்கள். இரண்டும் ஒன்றாகாது.

நீல்சன்வீதி மகள்

சரி, இப்போது 2025. ரூஜ் பார்க்கும் போய்விட்டதா?

வரைபட ரசிகன்

மத்தியில் போய்விட்டது. 2021 குடிசன மதிப்பீட்டின்படி ஒன்ராறியோவுக்கு 122 ஆசனம், சராசரி 1 இலட்சத்து 16 ஆயிரத்துக்கு மேல். ரொறன்ரோவின் சனத்தொகை 27 இலட்சத்து 94 ஆயிரம். வகுத்துப் பாருங்கள், 24 வரும். இருந்தது 25. மாநகரம் வளர்ந்தது, ஆனால் சுற்றியுள்ள இடங்கள் அதைவிட வேகமாக வளர்ந்தன. நம் ஆக்களே மார்க்கம், ஏஜக்ஸ், விட்பி என்று போனார்களே, அந்த நகர்வும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. 2025இல் யுவனிதா நாதன் பிக்கரிங்–புரூக்லினில் வென்றதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம்.

ரூஜ் பார்க்கின் தென்பக்கம் கில்ட்வுட்டோடு சேர்ந்து ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க் ஆனது, கரி ஆனந்தசங்கரி இப்போது அதற்கு உறுப்பினர். மல்வேர்ன் 401க்கு வடக்கே நோர்த்தோடு சேர்ந்தது. பழைய ரூஜ் ரிவர் வரைபடத்தை எடுத்து இன்றைய ஸ்காபரோ நோர்த் மேல் வைத்தால் உருவம் எவ்வளவு கிட்ட வருகிறது என்று பாருங்கள். பிளந்த மல்வேர்ன் மறுபடி ஒரே தொகுதிக்குள் வந்துவிட்டது. எனக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம்.

மாகாணம் இன்னும் மாறவில்லை. 2025 பெப்ரவரி மாகாணத் தேர்தலும் பழைய எல்லையில்தான் நடந்தது, ரூஜ் பார்க்கில் விஜய் தணிகாசலம் மறுபடி வென்றார். ஆகவே உங்கள் வீடு இன்றைக்கு மத்தியில் ஸ்காபரோ நோர்த், மாகாணத்தில் ஸ்காபரோ–ரூஜ் பார்க், மாநகரத்தில் 25ஆம் வட்டாரம்.

மோர்னிங்சைட் மாமி

மகள், அப்பாவின் 2011 அட்டையின் பின்பக்கம் என்ன நேரம் எழுதியிருக்கிறார்?

நீல்சன்வீதி மகள்

காலை 9.40, மாமி. மற்ற அட்டைகளில் எல்லாம் பின்னேரம் ஆறு, ஆறரை. வேலை முடிந்து வந்துதான் எப்போதும் போடுவார். அன்று திங்கட்கிழமை, லீவு எடுத்திருக்க வேண்டும். கேட்டேன். இனி மறைக்க முடியவில்லை, பேணியை முன்னால் வைத்துவிட்டேன். அந்த அட்டையை மட்டும் எடுத்துத் துடைத்துவிட்டு, "விடிய எழும்பி அம்மாவையும் கூட்டிக்கொண்டு நடந்தே போனோம்" என்றார்.

படத்தொகுப்பில் அந்த அட்டைக்குக் கீழே விளக்கம் எழுதப் போவதில்லை. அந்தப் பக்கத்துக்கு அம்மாவின் படம் ஒன்றைத் தேடுகிறேன். மற்றவற்றுக்கு நீங்கள் எல்லோரும் சொன்னதைச் சுருக்கி எழுதி இங்கே போடுகிறேன், பிழை இருந்தால் வரைபட அண்ணை திருத்துங்கள்.